நான் தைத்த நீல உறை

இஞ்சருங்கோ,

சோறும் மீன் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். நான் தங்கச்சி வீட்டுக்குப் பஸ்ஸில் போகிறேன்.

புத்தூரிலிருந்து கேதீஸ்வரன் என்றொரு தம்பி போன் எடுத்தார். "அக்கா, உங்கடை பழைய ஒஸ்ரின் காரை எடுக்கப் பின்னேரம் வாறன். ரெண்டு மாதமா விளம்பரத்திலை பாக்கிறன், ஓடுந்தானே?" என்று கேட்டார். விற்கிறீர்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

"ஓம் தம்பி, ஓடும். பிறேக்தான் கொஞ்சம் யோசிச்சுப் பிடிக்கும்" என்றேன். விளம்பரத்தில் நீங்கள் எழுதாமல் விட்டதைச் சொன்னதற்குக் கோபிக்காதீர்கள். அவரும் பிள்ளைகுட்டிக்காரர். மெல்ல ஓட்டிப்போய், மிச்சத் திருத்த வேலையைத் தானே முடிப்பாராம்.

நீங்கள் அரைகுறையாய்த் திருத்திய காரை விற்பது பாவமில்லை. ஆனால் போன கிழமைதானே, "சீற்றுக்கு உமக்குப் பிடிச்ச நிறத்திலை துணி எடும், இனிப் பூசைக்கு இதிலைதான் போவம்" என்றீர்கள்? நான் நீலம் எடுத்து, ஆசையாய்த் தைத்தேன்.

காரின் திறப்பு அந்தோனியார் சுரூபத்தடியில் இருக்கிறது. வருகிறவருக்குத் தேத்தண்ணி கொடுங்கள்.

ஸ்ரெல்லா

காரின் கண்ணாடியில் தொங்கும் என் செபமாலையைக் கழற்றவேண்டாம். அந்தப் பிறேக்கோடு அவர் புத்தூர் வரைக்கும் போகவேண்டுமே.