பாலிதீன் பிரிக்காத கம்ப்யூட்டர்

நைனா,

நேற்று ஒருவர் என் ரிப்பேர் கடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறதாம், ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடுகிறதாம். பார்த்தால், வாங்கிய கடையில் சுற்றிக் கொடுத்த பாலிதீன் உறை அப்படியே இருக்கிறது. பிளேடால் கிழித்தேன். வெந்த பிளாஸ்டிக் வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், அந்த மனிதரைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். பாவம், அவர் வாங்கிக்கொண்ட திட்டில் பாதி உனக்குச் சேர வேண்டியது. நீ போய் ஆறு வருஷமாகிறது. நேரில் திட்ட வழியில்லாததால் எழுதுகிறேன்.

செத்தவர்களைப் பற்றி எல்லோரும் உருகி உருகி எழுதுகிறார்கள். நான் உருகப்போவதில்லை. கம்ப்யூட்டர் விஷயத்தில் நீ ஒரு முட்டாள் என்று நீ உயிரோடு இருந்தபோதே சொன்னேன். இப்போதும் அதையேதான் சொல்வேன்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. டோல்கேட் பக்கத்து மாடியில் ஹார்ட்வேர் கோர்ஸ் முடித்திருந்தேன். கூடப் படித்த பெண்களெல்லாம் கணக்கு எழுதும் டாலி கற்றுக்கொண்டார்கள், நான் ஒருத்திதான் ஸ்க்ரூ டிரைவர் பிடித்தேன். துறைமுகத்தில் சரக்கு விடுவித்துக் கொடுக்கும் ஆபீஸ் ஒன்றில் ஆள் தேடினார்கள். கன்டெய்னர் பட்டியல்களை வீட்டிலேயே தட்டச்சு செய்து, வெள்ளிக்கிழமைதோறும் ஃப்ளாப்பியில் ஏற்றிக் கொடுக்க வேண்டும். "சொந்தமா கம்ப்யூட்டர் இருந்தா வேலை உனக்குத்தான்" என்றார் மேனேஜர். அது கிடைக்காவிட்டால் எனக்கு எக்ஸ்போர்ட் கம்பெனிதான் என்பது உனக்கும் தெரியும். நாளெல்லாம் நின்றபடி சட்டைகளுக்குப் பிசிறு வெட்டுகிற வேலை. அம்மா பத்து வருஷம் அதைச் செய்து, காலில் நரம்பெல்லாம் சுருட்டிக்கொண்டு கிடந்தாள். அவள் காலைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் ஹார்ட்வேர் படித்தேன்.

கையில் இருந்தது சொற்பம். அதற்குள் உருப்படியாக ஒரு மெஷின் கட்ட முடியும் என்று எனக்குத் தெரியும். வெளிநாட்டு ஆபீஸ்களில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர்கள் கன்டெய்னரில் துறைமுகத்துக்கு வந்து இறங்கின. ராயபுரத்தில் ஒரு பாய் அவற்றைப் பிரித்து விற்றுக்கொண்டிருந்தார். கேபினெட்டைத் தனி ஆளாகத் தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும், அப்படி ஒரு கனம். கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். பெட்டி செங்கல் மாதிரி இருக்கும். பாய் எனக்குச் சொன்ன சூத்திரம் ஒன்றே ஒன்றுதான்.

"சுத்துறது எல்லாம் புச்சா வாங்கும்மா. சுத்தாதது பழசா கீதா, கண்ண மூடிகினு வாங்கு."

அதாவது ஹார்ட் டிஸ்க்கும் ஃபேனும் புதிது. மதர்போர்டு, ப்ராசஸர், ராம், கேபினெட் எல்லாம் பழையது. ராம் அட்டையின் செம்புப் பற்களில் உப்புக்காற்று பட்டுப் பச்சை பூத்திருந்தால் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்தால் போதும், பளிச்சென்று ஆகிவிடும். நான் ஒரு வாரம் உட்கார்ந்து பட்டியல் போட்டு, உன்னிடம் காட்டினேன்.

நீ அதைப் படிக்கவே இல்லை. 'பழையது' என்ற வார்த்தையைப் பார்த்ததும் தாளை மடித்து என் கையிலேயே திணித்தாய்.

"எவனோ தொட்டு, எவனோ துப்பி, எவனோ தூக்கிப் போட்டது. அத்த என் வூட்டாண்ட கொண்டாராத."

"நல்ல சாமான் நைனா. புதுசுல இந்த விலைக்கு டப்பாதான் கிடைக்கும்."

"நான் நாள் பூரா பழசுலயே பொரண்டுகினு கீறேன். வூட்டுக்கு வந்தா அங்கயும் அதேவா?"

இதைச் சொன்னது யார்? சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் இருபது வருஷமாகப் பழைய இரும்பு எடை போட்டவர். உடைத்த கப்பலின் தகடு, கழற்றிய கிராதி, துருப்பிடித்த சங்கிலி எதுவானாலும் செருப்புக் காலால் ஒரு தட்டுத் தட்டி, இது இத்தனை கிலோ என்று சொல்வாய். தராசு உனக்குப் பின்னால்தான் வந்து அதை ஒத்துக்கொள்ளும். பழசால்தான் நம் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆனால் ஒரு பழைய ஸ்டூல் நம் வீட்டுக்குள் வந்ததில்லை. இந்தப் பவுசு எனக்கு அன்றும் எரிச்சல்தான், இன்றும் எரிச்சல்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாயிடம் போகலாம் என்று கிளம்பினேன். பணம் வைத்திருந்த டப்பா காலி. நீ விடிந்ததுமே எடுத்துக்கொண்டு போயிருந்தாய். மத்தியானம் மீன்பாடி வண்டியில் மூன்று அட்டைப் பெட்டிகளோடு வந்து இறங்கினாய். மூன்றாவது மாடி வரைக்கும் நீதான் சுமந்தாய், யாரையும் தொடவிடவில்லை. ஹவுசிங் போர்டு பிளாக்கே வாசலில் கூடியது. "ஷோக்கா கீதுப்பா" என்றார்கள். உனக்கு நெஞ்சு விரிந்துபோயிற்று. ஒருவருக்கும் அதில் எது எங்கே செருகுவது என்று தெரியாது, ஆனால் எல்லோரும் தெர்மாகோலைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார்கள். இந்தக் கூட்டத்தின் பாராட்டுக்காகத்தான் என் பணம் போனது.

கேபினெட்டை நான் ஒரு விரலால் நகர்த்தினேன், அது நகர்ந்தது. எண்ணெய் டின்னுக்குக்கூட அதைவிடக் கனமான தகடு போடுவார்கள். உள்ளே எஸ்.எம்.பி.எஸ். காலிப் பெட்டி மாதிரி இருந்தது. முன்பக்கத்தில் மட்டும் நீல விளக்கு, வெள்ளிக் கோடு. விற்றவன் உன் முகத்தைப் பார்த்த உடனே புரிந்துகொண்டிருப்பான், இந்த ஆளுக்கு வேண்டியது கம்ப்யூட்டர் இல்லை, அட்டைப் பெட்டி என்று. இரும்பைக் காலால் தட்டியே எடை சொல்கிறவர், வாழ்க்கையில் அந்த ஒரு தகரத்தை மட்டும் எடை பார்க்காமல் வாங்கி வந்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது, நல்ல சிரிப்பு இல்லை.

சரி, வந்தது வந்துவிட்டது, ஓட்டலாம் என்று பாலிதீனைப் பிரிக்கப் போனேன். நீ பாய்ந்து வந்து கையைப் பிடித்தாய்.

"பிரிக்காத. பிரிச்சா புச்சு பூடும்."

"உள்ள சூடு தங்கும் நைனா. அதுக்கு மூச்சு முட்டும்."

"மெஷினுக்கு இன்னா மூக்கா கீது?"

நம் ஜனங்களின் கூத்து இது. சோபா கிழிகிற வரைக்கும் அதன் மேலுறையைக் கழற்ற மாட்டோம், ஃபேன் றெக்கையில் கடை ஸ்டிக்கர் பத்து வருஷம் சுற்றும். அதுவாவது போகட்டும். கம்ப்யூட்டருக்கும் அதே மரியாதை! பாலிதீனுக்குள் மானிட்டர், பாலிதீனுக்குள் கேபினெட். கடற்கரை வீடு வேறு. காலையில் பார்த்தால் உறையின் உட்பக்கம் வேர்த்து முத்துமுத்தாக நீர் கோத்திருக்கும். நீ துண்டை எடுத்து வெளிப்பக்கத்தைத் துடைப்பாய். உனக்குத் தெரியாமல் பின்பக்கம் பிளேடால் ஓட்டை போட்டேன். மறுநாள் அந்த ஓட்டையின் மேல் பழுப்பு டேப் ஒட்டியிருந்தது. மறுபடி போட்டேன், மறுபடி ஒட்டினாய். இப்படியே மூன்று வாரம் போயிற்று.

நான்காவது வாரம் வியாழக்கிழமை மத்தியானம். அடுத்த நாள் கொடுக்க வேண்டிய பட்டியலில் இன்னும் ஒரு பக்கம்தான் பாக்கி. 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது, பாலிதீனுக்குள் புகை சுருண்டது. எஸ்.எம்.பி.எஸ். தனியாகப் போகவில்லை, மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போனது. ஒரு வாரத்து வேலை மொத்தமும் அதில்தான் இருந்தது. திறந்து பார்த்தேன், திருகாணிகள் எல்லாம் துரு. வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத புதுசு! நீ வேலையிலிருந்து வந்து பார்த்தாய்.

மறுநாள் நீ லீவு போட்டுவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு அந்த ஆபீசுக்கு வந்தாய். எரிந்த கேபினெட்டைப் பாலிதீனோடு தோளில் வைத்துக்கொண்டுதான் வந்தாய், சாட்சிக்கு. மேனேஜர் மேஜை மேல் அதை வைத்தாய்.

"பொண்ணு மேல தப்பு இல்ல சார். அது பிரிக்கச் சொல்லுச்சு, நான்தான் வுடல. தப்பு எம்மேல."

நீ யார் முன்னாலும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அந்த மேனேஜர் பாலிதீனைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார், பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். சிரித்துவிட்டு, தாராளமாகச் சொன்னார்.

"குடோன்ல பழைய மெஷின் ரெண்டு கிடக்கு. ஒண்ண எடுத்துட்டுப் போங்க. காசெல்லாம் வேணாம், எப்படியும் தூக்கிப் போடறதுதான். திங்கக்கிழமை லிஸ்ட் வந்தா சரி."

குடோன் கதவு திறந்திருந்தது. எனக்கு அந்த மெஷின் தெரிந்தது. பாய் கடையில் நான் ஆசைப்பட்ட அதே ரகம், கனமான கேபினெட். என் வேலை அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது. பத்தடி நடந்தால் போதும்.

"தூக்கிப் போடறத எடுத்துகினு போறதுக்கு வர்ல சார். தப்ப சொல்ல வந்தேன், சொல்ட்டேன்."

நீ கேபினெட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியிறங்கினாய். "ரோஷத்துக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல" என்று பின்னால் ஒரு குரல், அப்புறம் ரெண்டு மூன்று பேர் சிரிக்கும் சத்தம். நான் அந்தச் சிரிப்பில் சேரவில்லை. ஆனால் உன் கூடவும் வரவில்லை. பத்துத் தப்படி பின்னால் தங்கி, உனக்கும் எனக்கும் சம்பந்தமில்லாத மாதிரி நடந்தேன். பஸ் ஸ்டாப்பில்தான் வெடித்தேன்.

"தினமும் நீ நிக்கிறது குப்பையில. உனக்கு இன்னா இவ்ளோ பவுசு?"

நீ கேபினெட்டைக் கீழே இறக்கி வைத்தாய்.

"புளியந்தோப்புல அஞ்சாங்கிளாஸ் படிக்கசொல்ல ஒரு சட்ட போட்டுகினு போனேன். எங்கம்மா வேல செஞ்ச வூட்ல குட்த்தது. அந்த வூட்டுப் பையன் என் கிளாஸ்தான். பாக்கெட்டாண்ட இருந்த மசிக்கறைய காட்டி, இது என்னுதுன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. நாலு மாசம் அதே சட்டையோடதான் போனேன், வேற இல்ல."

நான் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை.

"அதுக்கு எம் பொழப்ப கெடுப்பியா?" என்றேன்.

பஸ் வந்தது. நீ முன்வாசலில் ஏறினாய், நான் பின்வாசலில் ஏறினேன்.

பதினான்கு மாதம் பிசிறு வெட்டினேன், நைனா. என் காலிலும் நரம்பு தெரிய ஆரம்பித்தது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பாயிடம் ஒவ்வொன்றாக வாங்கி, சுற்றுவதெல்லாம் புதிதும் சுற்றாததெல்லாம் பழையதுமாக அந்த மெஷினைக் கட்டினேன். நீ கிட்டே வரவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டபோது, "புச்சுதான், ஸ்பெஷலா ஆர்டர் பண்ணது" என்று கூசாமல் சொன்னாய். மறுநாளே அதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்து வந்து போட்டாய். தூக்கி எறிந்தேன். அந்த மெஷின் ஒன்பது வருஷம் ஓடியது. அதை வைத்துத்தான் இந்தக் கடை பிறந்தது.

இருபது வருஷமாக நான் பழசில்தான் பிழைக்கிறேன். பழசு வாங்கத் தயங்கி வருகிறவர்களுக்கு, பவுசு பார்க்காதீர்கள் என்று பாடம் எடுக்கிறேன். உன்னைத்தான் உதாரணம் காட்டுவேன், பேர் சொல்லாமல்.

போன மாதம் பீச் பக்கம் ஒரு பெரிய ஆபீஸைக் காலி செய்தார்கள். கூப்பிட்டுவிட்டார்கள், போனேன். பதினோரு கம்ப்யூட்டர், எல்லாம் நல்ல நிலைமையில் இருந்தன. "சும்மாவே எடுத்துக்குங்க மேடம், எப்படியும் தூக்கிப் போடறதுதான்" என்றான், என்னைவிட ரொம்ப இளைய ஒரு அதிகாரி. நல்ல பிள்ளைதான், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. எனக்குக் கிடைத்திருக்க வேண்டியது முழு லாபம்.

"விலை சொல்லுங்க சார்" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. "ஃப்ரீ மேடம்" என்றான். விலை சொன்னால்தான் எடுப்பேன், ரசீதும் வேண்டும் என்றேன். அவன் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துச் சிரித்தான். நான் கையிலிருந்ததை எண்ணாமல் மேஜை மேல் வைத்துவிட்டு, ரசீது வருகிற வரைக்கும் அசையாமல் நின்றேன்.

டெம்போவில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வழியெல்லாம் உன்னைத் திட்டினேன். சும்மா கிடைத்ததைக் காசு கொடுத்து வாங்குகிற பைத்தியத்தை எனக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறாயே என்று கண்டபடி திட்டினேன். உன் முட்டாள்தனத்தை நான் மன்னிக்கவில்லை. நீ அன்றைக்கு அந்த மெஷினை எடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

டோல்கேட் தாண்டியதும் அழுகை வந்துவிட்டது. டிரைவர் பயந்துபோய் வண்டியை ஓரம் கட்டினார். அந்தப் படியில் அவர்கள் சிரித்தபோது நீ தனியாக இறங்கிப் போனாய். நான் உன் பக்கத்தில் வந்திருக்க வேண்டும், நைனா.