முதல் மடக்கு உங்களுடையது

இன்று காலை பக்கத்து வீட்டுச் சரோஜா அக்கா தரை துடைக்கிற மருந்து கொஞ்சம் கொண்டுவந்து கொடுத்தார். நம் வீட்டில் தீர்ந்துவிட்டது என்று நேற்று வேலியோரம் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். அதை நினைவில் வைத்திருந்திருக்கிறார். கொண்டுவந்தது ரோஸ் சிரப் வந்த பிளாஸ்டிக் பாட்டிலில். மருந்தும் அதே சிவப்பு. பாட்டில் மேலிருந்த ரோஜாப்பூப் படம்கூடக் கிழியவில்லை.

"கொஞ்சந்தான் இருக்குலா. வாங்குனா திருப்பிக் குடு, இல்லாட்டி பரவால்ல" என்றார்.

வாங்கியதும் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று திருகிப் பார்த்தேன். அவரும் அதைப் பார்த்துவிட்டார். "ஐயோ, புத்தி கெட்டவ நான்" என்று வாயைப் பொத்திக்கொண்டார். "உன் வீட்டுக்காரர் இருந்திருந்தா வாசல்லயே நிக்க வச்சுத் திட்டியிருப்பாரு."

நீங்கள் திட்டியிருக்க மாட்டீர்கள். "ஐஸ் போடாமக் கொண்டாந்துட்டீங்களே அக்கா" என்று சிரித்துக்கொண்டே வாங்கி, அவர் கண்ணெதிரிலேயே வாளியில் கொட்டி, பாட்டிலைக் காலால் நசுக்கியிருப்பீர்கள். நானும் அதைத்தான் செய்தேன். சிரிப்பு மட்டும் வரவில்லை. அவர் போனதும் சாமி மேடைக்கு விளக்கேற்றிவிட்டு, உங்களிடம் பேச வேண்டும் போலிருந்ததால் எழுத உட்கார்ந்தேன்.

கல்யாணமான புதிதில் நானும் சரோஜா அக்காவைப் போலத்தான் இருந்தேன். வரவு செலவு எழுதிப் பழகிய கை, காலிப் பாட்டிலைத் தூக்கி எறிய மனம் வராது. காப்பித்தூள் போத்தலில் பினாயில், ஆரஞ்சு பாட்டிலில் மண்ணெண்ணெய். நீங்கள் அடுப்படிக்கு வந்து அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டீர்கள்.

"பேர் எழுதி ஒட்டியிருக்கேனே" என்றேன்.

"தாகத்துல வர்றவன் எழுத்தப் படிக்க மாட்டான். பாட்டிலோட உருவத்தத்தான் பாப்பான்" என்றீர்கள்.

அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டேன். நீங்கள் சொன்ன அந்த ஒரு வாக்கியம் மட்டும் இன்னும் என்னை விடவில்லை.

ஜோர்ஜ் டவுனின் பழைய கடைவீட்டு வரிசையில் இருந்த பப் என்கிற ஒரு மதுக்கடையில்தான் உங்களுக்கு வேலை. முன்பக்கம் வெள்ளைக்காரச் சுற்றுப்பயணிகள், பின்பக்கம் நீங்களும் குழாய்களும். நீங்கள் குடிக்கிறவர் இல்லை. வெள்ளிக்கிழமை முட்டைகூடத் தொடாதவர். சொந்தக்காரர்களுக்கு அது நல்ல வேடிக்கை. "காலையில முருகன், சாயங்காலம் பீர் பீப்பா, ரெண்டு முதலாளி இவனுக்கு" என்று உங்கள் சித்தப்பா கல்யாண வீட்டில் வைத்தே கேலி செய்தார். நீங்கள் வெற்றிலையை மென்றுகொண்டே, "நான் ஊத்திக் குடுக்கிறவன் இல்ல சித்தப்பா, கொழாய் கழுவுறவன். நான் கழுவலன்னா நீங்க குடிக்கிற பீர்ல பாசிதான் மெதக்கும்" என்றீர்கள். அவரும் அங்கே வந்து போகிறவர்தானே!

அந்த வேலையை எனக்கு ஒருநாள் விளக்கிச் சொன்னீர்கள். பீப்பாயிலிருந்து மேலே வரும் குழாய்க்குள் அழுக்குப் படியும். அதைக் கரைக்க ஒரு மருந்தை உள்ளே ஏற்றி ஊறவிட வேண்டும். தண்ணீர் போலத்தான் இருக்கும், நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆனால் தொண்டையில் பட்டால் சதையைத் தின்றுவிடும். அது முழுக்கப் போகும்வரை தண்ணீர் விட்டு அலச வேண்டும். பிறகு ஒரு தாளை நனைத்துப் பார்க்க வேண்டும். தாள் நிறம் மாறவில்லை என்றால்தான் பீரைத் திறக்கலாம். தாள் சரி என்று சொன்ன பிறகும் முதல் கிளாஸை நீங்களே வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்புவீர்கள். "நான் வாயில வைக்காதத இன்னொருத்தன் வாயில வைக்க மாட்டேன்" என்பீர்கள். வீட்டுக்கு வந்ததும் வாய் கொப்பளித்துக் குளித்த பிறகுதான் சாமி மேடைப் பக்கம் போவீர்கள். எனக்கு அந்த வேலை ஒருநாளும் அசிங்கமாகப் பட்டதில்லை.

அந்த வழக்கத்தைத் தைப்பூசத்துக்கும் கொண்டுவந்தீர்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற சாலையில் நம் தெருக்காரர்கள் போடும் தண்ணீர்ப்பந்தலில், பால்குடம் எடுத்து முடித்துவிட்டு நேராக வந்து நிற்பீர்கள். எலுமிச்சைத் தண்ணீர் கலந்த ஒவ்வொரு பானையிலிருந்தும் முதல் மடக்கு உங்களுக்கு. "அண்ணே, பக்தர்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க" என்று பந்தல்காரர்கள் கத்துவார்கள். நீங்கள் கண்ணை மூடி, ஏதோ பிரசாதம் சாப்பிடுவதுபோல் நாக்கில் வைத்திருந்து விழுங்கிவிட்டு, "சீனி பத்தலை" என்பீர்கள். எல்லா வருஷமும் அதே தீர்ப்புதான்.

பூச விரதம் தொடங்கினால் பப்பில் பீரை வாயில் வைக்க மாட்டீர்கள். துப்பிவிடுகிறதுதானே என்று முதலாளி கேட்டாராம். விரதம் விரதம்தான் என்றீர்களாம். அந்த நாட்களில் குழாய் கழுவுவதையும் ருசி பார்ப்பதையும் குணா பார்த்துக்கொள்வார். தாசேக் கெலுகோரிலிருந்து பஸ் பிடித்து, பெர்ரிக் கப்பல் ஏறி வேலைக்கு வருகிற குணா. தலையில் பாதி நரைத்தும் உங்களை வாய் நிறைய "அண்ணே" என்று கூப்பிடுகிற குணா. தீபாவளிக்கு நம் வீட்டில் முறுக்கை டின்னோடு மடியில் வைத்துக்கொள்கிறவர்.

உங்கள் கடைசி விரதத்தில், அந்த மதியம் நடந்ததை எனக்குச் சொன்னதும் அவர்தான். கடைசிக் குழாய் மாடியில் இருக்கிறது. மருந்து கேன் கனம், படியோ செங்குத்து. எனவே அந்தக் குழாய்க்கு வேண்டிய அளவை மட்டும் ஒரு காலித் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி எடுத்துக்கொண்டார். படியில் கால் வைக்கும்போது பின்வாசலில் ஐஸ் லாரி ஹாரன் அடித்தது. பாட்டிலைக் கவுண்டரில் வைத்துவிட்டு ஓடினார். அது நீங்கள் எப்போதும் தண்ணீர் வைக்கிற இடம். நான் போட்டுக் கொடுத்த சீரகத் தண்ணீர் அந்த வெயிலுக்கு அதற்குள் தீர்ந்திருந்தது. நீங்கள் கோயிலில் பால்குடத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வெயிலில் நடந்து வந்தீர்கள். விரத வாய், காய்ந்த தொண்டை. பாட்டிலின் உருவத்தைப் பார்த்தீர்கள்.

ஒரே மடக்கு.

அடுத்து நீங்கள் செய்ததையும் குணாதான் சொன்னார். அலறாமல், வாயில் மிச்சமிருந்ததைத் துப்பிவிட்டு, மூடியை எடுத்து அந்தப் பாட்டிலை இறுக்கி மூடினீர்களாம். வேறு யாரும் எடுத்துவிடக் கூடாது என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டீர்களாம். ஆஸ்பத்திரிக்கு நான் ஓடிவந்தபோதும் உங்கள் கைக்குள்தான் இருந்தது. டாக்டர் என்ன குடித்தீர்கள் என்று கேட்டபோது, பேச முடியாமல் அதை நீட்டினீர்கள். அதன் பிறகே கையை விட்டீர்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் உங்கள் குரல் திரும்பவே இல்லை. மூக்கு வழியாகக் குழாய். வாழ்நாளெல்லாம் குழாய் கழுவிய மனிதருக்கு! வாய்வழியாக ஒரு சொட்டும் கொடுக்கக் கூடாது என்று தாதி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நீங்கள் கையைக் குவித்து வாய்ப்பக்கம் கொண்டுபோய்க் கேட்பீர்கள். நான் பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றுவேன். நீங்கள் அதைச் சப்ப முயலும்போது நான் எடுத்துவிட வேண்டும். முருகா, ஒரு வாய்த் தண்ணீர்தானே, உன் விரதத்தில் வந்த தாகம்தானே என்று அந்த வராந்தாவில் நின்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. கேட்பதையும் நிறுத்தவில்லை.

குணா தினமும் வந்து வார்டு வாசலில் நிற்பார், உள்ளே வர மாட்டார். ஒருநாள் நீங்கள் அவரைப் பார்த்துவிட்டீர்கள். விரலால் அவரைக் காட்டினீர்கள். கையைக் குவித்து வாய்ப்பக்கம் கொண்டுபோனீர்கள். பிறகு என்னைக் காட்டினீர்கள். வந்த ஆளுக்குக் குடிக்கக் கொடு என்கிறீர்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் "மொதல்ல தண்ணி குடு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பீர்களே, அது.

எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இருந்தும் நீங்கள் சொன்னதற்காகக் கேன்டீனில் மைலோ வாங்கிக்கொண்டு போய் நீட்டினேன்.

"குடிங்க குணா. அவர் குடுக்கச் சொன்னாரு."

"அண்ணனுக்குப் பச்சத் தண்ணி எறங்கல. எனக்கு எப்படிக்கா எறங்கும்?"

"அவர் பாத்துக்கிட்டு இருக்காரு."

கப்பை வாங்கினார். வாய்வரை கொண்டுபோனார். முடியாமல் சுவரோரம் வைத்துவிட்டு நடந்துவிட்டார். நீங்கள் படுக்கையிலிருந்து அதைப் பார்த்தீர்கள். மறுநாளும் அதே ஜாடை. அவர் குடிக்கும்வரை உங்களுக்கு ஆறாது என்று எனக்குத் தெரிந்தது. அவர் குடிக்கவில்லை. அதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த உங்கள் வாயில் எல்லோரும் பால் ஊற்றினார்கள். அன்று யாரும் வேண்டாம் என்று தடுக்கவில்லை.

அதன் பிறகு குணா அந்த வேலைக்குப் போகவில்லை. கெப்பாலா பத்தாஸில் ஒரு லாரிப் பட்டறையில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். யார் வீட்டுக்குப் போனாலும் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை, யாருக்கும் ஊற்றிக் கொடுப்பதும் இல்லை என்று அவர் மனைவி போனில் அழுதார். எனக்குக் கோபம் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. ஆனால் நீங்கள் என் கையில் கொடுத்துவிட்டுப் போன வேலை ஒன்று முடியாமல் கிடந்தது. கணக்கு எழுதுகிறவளுக்கு அது உறுத்தாதா?

இந்தத் தைப்பூசத்துக்கு நானே போன் செய்தேன். "பந்தலுக்கு ஆள் பத்தல. வாங்க" என்றேன்.

வந்தார். ரதம் போன சாலை முழுக்க உடைந்த தேங்காய். ஓடுகளைக் காலால் ஒதுக்கிக்கொண்டு அவர் பந்தலின் ஓரத்தில் நின்றார், வார்டு வாசலில் நின்ற மாதிரியே. நான் கூப்பிடவில்லை. முதல் பானையில் எலுமிச்சை பிழிந்து, சீனி போட்டுக் கலக்கினேன். பந்தல்காரர்கள் யாரும் டம்ளரைத் தொடவில்லை, கேலி செய்யவும் இல்லை. முதல் மடக்கு யாருடையது என்று அவர்களுக்குத் தெரியும். அந்த இடம் காலியாகக் கிடந்தது.

நான் டம்ளரில் மொண்டேன். குணா பார்க்கிறார் என்று தெரிந்தே, கண்ணை மூடி, நாக்கில் வைத்திருந்து விழுங்கினேன். பிறகு அதே டம்ளரை நீட்டினேன்.

"நான் குடிச்சுப் பாத்துட்டேன் தம்பி. தண்ணிதான்."

அவர் இரண்டு கையாலும் வாங்கினார். டம்ளர் பல்லில் இடித்துச் சத்தம் கேட்டது. ஒரு மடக்கு இறங்கியது. இரண்டாவதில் அழுகை முட்டிக்கொண்டு வந்து பாதி சட்டையில் கொட்டியது. மீதியையும் குடித்து முடித்தார். முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னார்:

"சீனி பத்தலைக்கா."

பந்தலே அழுதது. நானும்தான்.

நீங்கள் சொன்ன ஆளுக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்த மடல். ஆனால் உங்களுக்கு நான் கொடுக்காமல் போன அந்த ஒரு வாய்த் தண்ணீர் இன்னும் என் கையிலேயே இருக்கிறது. தினமும் விளக்கு வைக்கும்போது உங்கள் படத்தின் முன் ஒரு டம்ளர் வைக்கிறேன். வைக்கும் முன் ஒரு மடக்கு நான் குடித்துப் பார்க்கிறேன். படையலை எச்சில் பண்ணலாமா என்று சரோஜா அக்கா கேட்கிறார். பண்ணலாம் அக்கா, அவர் வீட்டில் அதுதான் முறை என்று சொல்லியிருக்கிறேன்.