அந்தக் கல்லுக்கு என் பேர் வேண்டாம்

காத்தான்குடி
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு

அன்பு மகன் இஷாமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உனக்கு மூத்தவள் உன் ராத்தா றுமானாவும் அவள் மகள் நஸ்ஹாவும் அல்லாஹ்வின் உதவியால் சுகம், நீயும் அந்தச் சிலி நாட்டு மலையில் குளிருக்குப் போர்த்திக்கொண்டு சுகமாக இருக்க துஆ செய்கிறேன். சுகம் என்று எழுதிவிட்டேன், ஆனால் நாலு நாளாக உன்னால் எனக்கு நெஞ்சு ஆறவில்லை. போனில் சொன்னால் சரி உம்மா, சரி உம்மா என்று அடுத்த பேச்சுக்குப் போய்விடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். இருந்து வாசி, சாப்பிட்டுக்கொண்டு வாசிக்காதே.

நீ படிக்கிற காலத்தில் கண்டுபிடித்தாயே ஒரு கல், சூரியனைச் சுற்றுகிற சின்னக் கோள் என்று நீ சொல்வாய், எனக்கு அது கல்தான். முதலில் அதற்குக் கண்ட வருடமும் ஏதோ இரண்டு எழுத்தும்தான் பேராக இருந்தது, பிறகு வருடக்கணக்காகப் பார்த்துப் பாதை பிழையில்லை என்று கண்ட பிறகு ஆறு இலக்கத்தில் ஒரு எண் கொடுத்தார்கள். எண் கிடைத்ததிலிருந்து பத்து வருடத்துக்குள் கண்டவன் ஒரு பேர் சொல்லலாம், அதைக் கொமிட்டி பார்த்து முடிவெடுக்கும் என்றாய். ஒன்பது வருடத்துக்கு மேல் சும்மா இருந்தாய். நம்மட ஊரில் பிள்ளைக்கு ஏழாம் நாள் பேர் வைத்துவிடுவோம், நீ ஒன்பது வருடம் ஒரு கல்லை வெறும் எண்ணோடு அலையவிட்டுவிட்டு இப்போது கடைசி மாதத்தில் அந்தரப்படுகிறாய். உன் கல்யாணத்துக்கும் இப்படித்தான் செய்தாய்.

இந்தப் பேர்க் கதையையாவது வாய்க்குள் வைத்திருந்தாயா, என் காக்கா, உன் முகைதீன்பாவா மாமாவிடம் சொல்லிவிட்டாய். அவர் நம்மட தாய்வழிக் குடிக்காகப் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிற மரைக்கார், கேட்கவா வேண்டும். தினமும் அஸர் தொழுதுவிட்டு வந்து இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு பேர் சொல்கிறார். முதலில் அவருடைய புடவைக் கடையின் பேர். வியாபாரப் பேர் எடுக்க மாட்டார்கள் காக்கா என்றேன். பிறகு அவர் வோட்டுப் போடுகிற அந்த அரசியல்காரர். அரசியல்காரர் என்றால் மௌத்தாகி நூறு வருடம் போக வேண்டுமாம் என்றேன். அப்ப நாம இரிக்க மாட்டமே என்று கவலைப்பட்டார். நேற்று வந்து, அவன்ட குடி உம்மாட குடிதானே, அப்ப கல்லும் நம்மட குடிதான், குடிப்பேரையே வைக்கச் சொல்லு என்கிறார். நஸ்ஹா தன் பூனையின் பேரை வைக்கச் சொல்லி ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை, அங்கே வளர்ப்புப் பிராணியின் பேரையும் விரும்ப மாட்டார்கள் என்று அவளுக்கு விளங்கப்படுத்துவதற்குள் எனக்குத் தலையிடி வந்துவிட்டது. அந்தக் கொமிட்டிக்கு நான்தான் கிளாக்கர் மாதிரி இருக்கிறேன்.

இதெல்லாம் போகட்டும். செவ்வாய்க்கிழமை நீ வட்ஸ்அப்பில் அனுப்பினாயே, கல்லுக்கு றஸீனா என்று என் பேரும், அந்தப் பேருக்கு உரியவர் யார் என்று இங்கிலீசில் மூன்று வரியும், அதற்குத்தான் இந்தக் கடிதம். எனக்கு இங்கிலீசு தெரியாது என்று உனக்குத் தெரியும், வீட்டில் யார் வாசித்துச் சொல்வார்கள் என்று யோசித்தாயா. றுமானாதான் வாசித்தாள். றஸீனா, கண்டுபிடித்தவரின் தாய், தையல் தைத்துத் தன் மகனைப் படிக்க வைத்தவர். ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, நல்லா எழுதிரிக்கான் உம்மா என்று போனை என் கையில் தந்துவிட்டு உலை வைக்கப் போனாள். அன்று பின்னேரம் அவளுடைய மெஷின் சத்தம் கேட்கவில்லை. பெருநாளைக்குக் கொடுக்க வேண்டிய சட்டைத்துணி வெட்டினபடி கிடந்தது.

மகன், நான் எந்தக் காலத்தில் தைத்தேன். ஊசியில் நூல் கோக்க இன்றைக்கும் எனக்கு நஸ்ஹா வேண்டும். வாப்பாவுக்கு வாதம் வந்து படுத்த வருடம் பள்ளிக்கூடத்தை விட்டு மெஷினில் இருந்தது யார். ஓ.எல். சோதனையில் அவளுக்குக் கணக்குக்கு ஏ, நாலு வருடம் கழித்து நீ எழுதினபோது உனக்கு பி, அந்த றிசல்ட் பேப்பர் இரண்டும் அலுமாரியில் இருக்கிறது. உன் கம்பஸ் விண்ணப்பப் போமை நிரப்பியதும் அவள். இது உனக்கு மறந்துபோனதா, உம்மா என்று எழுதினால் வெளிநாட்டுக்காரருக்கு அழகாக இருக்கும் என்று எழுதினாயா. மறந்துபோனது என்றால் அதுதான் எனக்கு இன்னும் பெரிய கவலை. அச்சில் வந்த பிறகு இலேசில் மாற்ற மாட்டார்கள் என்று நீயே சொன்னாய். என் பேரில் ஒரு பொய் வானத்தில் சுற்ற வேண்டாம்.

உனக்கு என்மேல் விருப்பம் என்று எனக்குத் தெரியாதா, அதற்கு ஒரு கல் வேண்டாம். நம்மட ஊரில் உம்மாவின் வீடு மகளுக்குத்தான் போகும், எனக்கு நீ எது தந்தாலும் அது அவளுக்குத்தான். அதனால் நேராக அவளுக்கே எழுதிவிடு. றுமானா என்று ஏற்கனவே ஒரு கல் இருக்கிறதா பார், இருந்தால் அவளுடைய முழுப்பேரைப் போடு, நீ சொன்ன பதினாறு எழுத்துக்குள் வரும். மூன்று வரியில் தியாகம் கியாகம் என்று எழுதி அவளை அழவைக்காதே. தைத்தாள் என்று எழுது, கணக்கில் உன்னைவிடக் கெட்டிக்காரி என்றும் எழுது. இரண்டும் உண்மை.

நேரத்துக்குச் சாப்பிடு, மருமகளுக்கு என் ஸலாம் சொல். மழை விடாமல் பெய்து ஆற்றுத் தண்ணீர் நம்மட தெரு ஒழுங்கை வரைக்கும் வந்துவிட்டது, பயப்படாதே, வீட்டுக்குள் வராது. அல்லாஹ் உன் கண்ணுக்கும் அறிவுக்கும் பறக்கத் செய்யட்டும். நஸ்ஹாவைக் கொண்டு இதைப் படம் பிடித்து அனுப்புவேன், அவள் வாய் திறக்க மாட்டாள், பூனையின்மேல் சத்தியம் வாங்கியிருக்கிறேன். நீயும் நான் எழுதினேன் என்று ராத்தாவிடம் சொல்லிவிடாதே. உனக்கே ஞாபகம் வந்ததாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஊசியில் நூல் கோக்கத் தெரியாத உன் உம்மா,
றஸீனா