ஆறுமணிக்குருவிக்கு வைத்த சிப்ஸ்

அத்தான்,

இந்த மடலில் நான் சொல்லப்போவதை ஈரேழு பதினாலு லோகத்திலும் ஒருத்தர்கூட நம்பப்போவதில்லை என்று முதலிலேயே சத்தியம் செய்து தருகிறேன். நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்பது தெரிந்த சங்கதி. நாற்பது வருஷமாக நான் சொன்ன எதையும் நம்பாமல், ஆனாலும் கடைசிவரை கேட்டுச் சிரித்த ஒரே மனிதர் நீங்கள்தானே.

இன்று காலை உங்கள் வீட்டுப் பின்பக்கம் போனேன். மழையில் ஊறிய பலாச்சருகின் மக்கின வாசம். மரத்தடியில் அதே பிளாஸ்டிக் நாற்காலி. அதில் பச்சைக் குரங்குக்குல்லாவை மாட்டிக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது.

குத்துக்கல்வலசையில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே மதில். ஆனால் என் பக்கம் நடந்தது சாம்ராஜ்யம் அல்லவா? மதில்மேல் வரிசையாகச் சிரட்டை. ஒன்றில் குருணை, ஒன்றில் கம்பு, ஒன்றில் தண்ணீர். மார்கழிக் குளிரில் பந்திக்கு வந்த மைனாக்கள் மட்டும் பத்தாயிரம். இடம் கிடைக்காத கிளிகள் டோக்கன் வாங்கிக்கொண்டு தென்காசிக் கோபுரத்தில் போய்க் காத்திருந்தன. ஐந்து நிமிஷம் பிந்தினால் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து கதவைத் தட்டும். உங்கள் பக்கமோ, கூட்டாமல் விட்ட சருகு. அவ்வளவுதான்.

அந்தச் சருகுக்குத்தான் அது வந்தது. ஐப்பசியில் வடக்கே எங்கிருந்தோ பறந்து வந்து பங்குனிவரை தங்கும் ஆறுமணிக்குருவி. கையடக்க உடம்பில் ஒரு வானவில்லையே திருடி வைத்திருக்கும். வாலுக்கு வரும்போது மட்டும் பிரம்மாவிடம் சாமான் தீர்ந்துபோயிற்று. காலை ஆறுக்கு இரட்டை விசில், மாலை ஆறுக்கு இன்னொன்று. போலீசிலிருந்து ஓய்வு பெற்ற உங்களுக்கு ரோல்கால் எடுக்க ஆள் வருகிறது என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தேன். அதைப் பார்க்கும்போது நான் வாயைத் திறந்தால் போதும், உதட்டில் விரல் வைப்பீர்கள். "சத்தம் போடாதலே. சாப்புடுது."

எனக்குப் பொறாமை தாங்கவில்லை. பெரிய விருந்தாளி வர வேண்டுமே என்று என் பக்கத்தை இருவேளையும் கூட்டி, ஒரு சருகு மிச்சமில்லாமல் எரித்தேன். சிரட்டையில் வைத்த எதையும் அது ஏறிட்டுப் பார்க்கவில்லை. கடைசியில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனவன், சுடச்சுட நேந்திரங்காய்ச் சிப்ஸ் வாங்கி வந்து வாழையிலையில் பரப்பினேன். காகம் தின்றது. நீங்கள் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "மாப்ளே, ஊறுகா வைக்க மறந்துட்டியே" என்றீர்கள்.

மூன்று மார்கழி வேடிக்கை பார்த்த பிறகுதான் உண்மையைச் சொன்னீர்கள். "அது தின்னுதது சருகுக்கு அடியில உள்ள புழுவும் பூச்சியும்லே. நீ அதத்தான தெனமும் அள்ளித் தீ வைக்கே. பொறவு எப்படி வரும்?"

ஆடியில் நீங்கள் போனீர்கள். அக்கா பின்கதவைத் திறப்பதையே விட்டுவிட்டாள். ஐப்பசி பிறந்ததும், சருகில் பாம்பு அடையும், பின்பக்கம் முழுக்கக் கல் பதிக்கப்போகிறேன் என்றாள். பதித்துவிட்டால் குருவி இறங்கி இரை தேட ஒரு சாண் மண் இருக்காது. குருவிக்கு இமயமலையில் தனி ஆபீஸ் இருக்கிறது, விலாசத்தை மாற்றினால் கேஸ் போட்டுவிடும் என்று அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அவுக இருந்தாக, பாத்தாக. இனி அது வந்துதான் யாரு பாக்கதுக்கு?"

பொய்யை அதோடு நிறுத்திக்கொண்டேன். கார்த்திகை தீபம்வரை பொறு என்று மட்டும் கேட்டேன். அதற்குள் வரவில்லையென்றால் மறுநாளே கல் என்று சொல்லிவிட்டாள்.

ஐப்பசி முழுக்க அது வரவில்லை. என் பக்கம் விளக்குமாற்றையே தொடாமல், விழுந்த சருகையெல்லாம் சாக்கில் அள்ளி வந்து உங்கள் பலாவடியில் கொட்டினேன். வடகரைத் தோப்புகளில் இன்று தரை தெரிகிறதென்றால் அதற்கும் நானே காரணம். கார்த்திகையும் பாதி போயிற்று. கல் வந்து முன்வாசலில் இறங்கிவிட்டது. தீபத்துக்கு இரண்டே நாள்.

இன்று காலை ஆறு மணிக்கு விசில் கேட்டது. வேட்டியை மடித்துக் கட்டி, பதினாறு அடி மதிலை ஒரே தாவில் தாண்டினேன். அங்கே ஆயிரம் ஆறுமணிக்குருவிகள் அணிவகுத்து நின்று நாற்காலியைப் பார்த்துச் சல்யூட் அடித்துக்கொண்டிருந்தன.

சரி அத்தான். மைனா பத்தாயிரம் இல்லை. டோக்கனும் இல்லை. மதில் என் நெஞ்சளவுதான். அதையும் தாண்டவில்லை, தெருவைச் சுற்றி கேட் வழியாகத்தான் வந்தேன். குருவி ஒன்றே ஒன்று, சருகைக் கிளறிக்கொண்டிருந்தது. நாற்காலியில் இருந்ததும் நீங்கள் இல்லை.

பின்கதவு திறந்து கிடந்தது. அக்கா உங்கள் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கல்லை இனி என்ன செய்ய என்று கேட்க வாயெடுத்தேன். திரும்பிப் பார்க்காமலே உதட்டில் விரல் வைத்தாள்.

"சத்தம் போடாதலே. சாப்புடுது."

நான் வாயை மூடிக்கொண்டேன். அது தின்று முடித்துப் பறக்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருத்தரும் நம்ப மாட்டாத இடம் இதுதான் அத்தான். ஆனால் இந்தத் துளி மட்டும் நிஜம்.