சீட் கம்பிக்குத் தகரச் சட்டை

அக்கா,

வீட்டுச் சாவி உன் இடது செருப்புக்குள் இருக்கிறது. முட்டை வேகவைத்து மூடி வைத்திருக்கிறேன். நேற்றிலிருந்து நீ என்னோடு பேசவில்லை. அதனால்தான் எழுதிவைத்துவிட்டுப் போகிறேன்.

என் சைக்கிள் சீட் கம்பி, அது நுழைகிற குழாயைவிட மெலிசு. இடைவெளியில் நான் பேப்பரைத்தான் திணித்தேன். கிளம்பும்போது நெட்டையனாகக் கிளம்பி, கல்லூரி போய்ச் சேரும்போது சீட் இறங்கிப்போய் முட்டி தாடையில் இடிக்கும். நேற்று நீ சோடா டின்னைக் கத்தரித்தபோது, "இஞ்சினியரம்மா, அப்படியே ஒரு ராக்கெட்டும் செஞ்சிடேன்" என்று என் வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டது.

காலையில் பார்த்தேன். கம்பியைச் சுற்றித் தகரம், விளிம்பெல்லாம் அரத்தால் ராவி, உள்ளே நழுவாதபடி மேலே ஒரு மடிப்பு. ஏறி உட்கார்ந்து குதித்தேன், இம்மியும் இறங்கவில்லை. இந்த வீட்டில் இவ்வளவு பிடிவாதம் உனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்; நீ வெட்டிய தகரத்துக்கும் இருக்கிறது. அசந்துபோனேன், அக்கா. கிண்டல் இல்லை.

பி.கு.: முட்டைக்கு உப்பு போட மறந்துவிட்டேன்.

இன்னொன்று: சீட்டை என் கால் உயரத்துக்கே வைத்து, கம்பியில் நெயில் பாலிஷால் கோடும் போட்டிருக்கிறாய். கோபமாக இருக்கிறவள் பார்க்கிற வேலையா இது? சாயங்காலம் ஒரு "டேய்" மட்டும் சொல். போதும்.