மூன்றாவது ஓலை

திரேஸ்புரம்
27.4.2025

அன்புள்ள பவுல் அத்தான்,

இன்று மாதா கோயில் பூசையில் நம் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தாயிற்று. திரேஸ்புரம் அல்போன்சாவுக்கும் பெரியதாழை பவுலுக்கும் கல்யாணம் என்று பங்குச் சாமி அறிவித்ததும் அம்மா என் இடுப்பில் கிள்ளினாள். இன்னும் இரண்டு ஞாயிறு வாசித்துவிட்டால் பதினான்காம் தேதி கல்யாணம். சிலி நாட்டு மலையில் நட்சத்திரம் எண்ணுகிற மாப்பிள்ளை தாலி கட்டும் நேரத்துக்காவது வந்து சேருவாரா என்று ஊரே கேலி செய்கிறது. சேருவீர்கள்தானே?

உங்கள் அல்போன்சா

சிலி
30.4.2025

அன்பு அல்போன்சா,

இதைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால் இந்த மெயிலிலேயே எழுதுகிறேன். கல்யாணத்தை ஒரு மாதம் தள்ளிவைக்க முடியுமா? நாங்கள் கவனிக்கும் நட்சத்திரம் ஒன்றின் ஒளி, குறிப்பிட்ட இடைவெளியில் சற்று மங்கிப் பிறகு தெளிகிறது. வியாழன் கிரகத்தின் அளவுள்ள ஏதோ ஒன்று அதன் குறுக்கே போகிறது. இருமுறை பார்த்துவிட்டோம். மூன்றாவது முறையும் பார்த்துவிட்டால் நம்பலாம். அது பதினான்காம் தேதியே வருகிறது. புதிய கோளாக இருந்தால் என் ஐந்து வருட உழைப்பு கரையேறும். நீ புரிந்துகொள்வாய்.

உன் பவுல்

திரேஸ்புரம்
4.5.2025

அன்புள்ள அத்தான்,

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. துறைமுகத்தில் கப்பல் தாமதமானால் நாலு பேருக்குத் தகவல் அனுப்புவதுதான் என் வேலை. இந்தத் தாமதத்தை யாருக்கு அனுப்புவேன்? ஓலை பாதியில் நின்றால், பெண்ணுக்கு என்ன குறையோ என்றுதான் பேசுவார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? பயந்துபோய் யாரிடமும் சொல்லவில்லை. இன்று இரண்டாம் ஓலையும் வாசித்துவிட்டார்கள். அம்மா மட்டும் என் முகத்தைப் பார்த்து, "ஏளா, அங்கன அவனுக்கு வேற எவளும் இருக்காளா?" என்று கேட்டாள். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தக் கல்யாணத்தில் உங்களுக்கு ஆசை உண்டா?

உங்கள் அல்போன்சா

சிலி
9.5.2025

அன்பு அல்போன்சா,

நல்ல செய்தி. அது கோளே இல்லை! அளவு வியாழன்தான். ஆனால் அது இழுக்கிற இழுப்பில் பெரிய நட்சத்திரம் எவ்வளவு ஆடுகிறது என்று அளந்து பார்த்தோம். எடை நூறு வியாழன் வருகிறது, எந்தக் கோளுக்கும் அவ்வளவு எடை இருக்காது. சின்ன நட்சத்திரம் ஒன்று கோள் வேஷம் போட்டு எங்களை ஏமாற்றியிருக்கிறது. இனி இங்கே காத்திருக்க ஒன்றுமில்லை. டிக்கெட் போட்டுவிட்டேன், பன்னிரண்டாம் தேதி வந்துவிடுவேன். இப்போது உனக்குச் சந்தோஷம்தானே?

உன் பவுல்

திரேஸ்புரம்
11.5.2025

அத்தான்,

சந்தோஷப்படத்தான் பார்த்தேன். நீங்கள் வருவதைக் கேட்டு அம்மா சிரிக்கிறாள், நான் அழுகிறேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. அது கோளாக இருந்திருந்தால் வந்திருப்பீர்களா? நான் கேட்டதற்குப் பதிலை உங்கள் கடிதத்தில் தேடித் தேடிப் பார்த்தேன். அளவு இருக்கிறது, எடை இருக்கிறது, அது மட்டும் இல்லை. உங்கள் மேல் கோபமா ஆசையா என்பதும் பிடிபடவில்லை. ஆசைதான் போலிருக்கிறது, இல்லையென்றால் இப்படி வலிக்காது.

காலையில் சாமி மூன்றாம் ஓலையை வாசித்துவிட்டு, தடை ஏதும் அறிந்தவர்கள் வந்து தெரிவிக்க வேண்டும் என்றார். பூசை முடிந்ததும் அவரிடம் போனேன்.

"சாமி, ஒரு தடை இருக்கு."

"யாரும்மா சொல்லுதா?"

"பொண்ணுதான், சாமி."

அல்போன்சா