ஏழாவது தட்டு

காலையில் சட்டியில் பேஸ் கிட்டார்க் கம்பிகளை அவித்துக்கொண்டிருந்தேன். வியர்வையும் துருவும் வெந்நீரில் கரையும் அந்த நாற்றம் எழுந்ததும் உன் நினைப்பு வந்துவிட்டது. கண்டியில் புதுக் கம்பி கிடைக்காத காலத்தில் நாம் இரண்டு பேரும் பழகிய வித்தை இது. "அவிச்சா கம்பிக்குச் சத்தம் திரும்ப வரும், உனக்கு வராது" என்பாய். செத்தும் உன் வாய் அடங்கவில்லை மச்சான்.

ஒரே பேண்டில் இரண்டு பேஸ்காரர்கள். நீ வராத கலியாணங்களுக்கு நான். வானொலிப் பாட்டில் வளர்ந்த எனக்கு நாலு தட்டுத் தாளந்தான் வரும். மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்துத் தப்பு மேள அடியில் வளர்ந்த நீ, அதிலிருந்து ஏழு தட்டில் ஒரு உருப்படி செய்தாய். அதை வாசித்தால் ஆடுகிறவர்கள் கால் தடுமாறி நின்றுவிடுவார்கள். அதில் உனக்கு ஒரு தனிச் சந்தோசம். எனக்கோ ஒவ்வொரு முறையும் ஏழாவது தட்டு நழுவும்.

கட்டுகஸ்தோட்டைக் கலியாணத்தை எப்படி மறப்பேன்? விருந்தாளியாக வந்திருந்த நீ, பயிலாப் பாட்டு உச்சத்தில் இருந்தபோது மேடையேறி என் கிட்டாரின் ஆம்ப்ளிஃபயரை நிறுத்திவிட்டாய். பாட்டும் நிற்கவில்லை, ஆட்டமும் நிற்கவில்லை. "பாத்தியா, ஒருத்தனும் திரும்பல" என்று என் காதில் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாய். உன்னைக் கொன்றுபோடலாம் போலிருந்தது. அன்றிலிருந்து வீட்டில் அந்த ஏழு தட்டுத்தான். பேரப்பிள்ளைகள் அறையைவிட்டே ஓடினார்கள். உன் வாயால் ஒரு 'சரி' வேண்டும், அவ்வளவுதான்.

தவக்காலத்தில், கைகால் விழுந்து நீ படுத்திருந்தபோது கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தேன். கட்டிலருகே கதிரையைப் போட்டு முழுதாக வாசித்தேன். ஒரு இடமும் நழுவவில்லை, எனக்குத் தெரியும். நீ என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாய். முடிந்ததும் கோணிய வாயால் சொன்னாய்: "ஏழாவதுல இன்னும் பிந்துறடா."

அடுத்த ஞாயிறு உன்னை அடக்கம் செய்தோம். மயானத்தில் உன் மகள் என் கையைப் பிடித்தாள். "டிசம்பர்ல, நத்தாருக்கு முந்தியே அப்பாவுக்கு ரெண்டு காதும் போயிருச்சு அங்கிள். யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னாரு."

விரலைப் பார்த்துச் சொன்னாயா, பழக்கத்தில் சொன்னாயா, பாவி? கேட்க நீ இல்லை. எனக்கும் இப்போது காது மங்குகிறது.

கம்பிகள் காய்ந்ததும் பூட்டி வாசித்தேன். ஏழாவது தட்டு வருமுன்பே விரல் அவசரப்படுகிறது, பிந்திவிடுவேனோ என்று.